கேமரா தூக்குன குமார்

வேட்டைக்கு எடுத்துட்டுப் போக, லேசான வீடியோ கேமரா பாக்க இன்னைக்குக் கிள்ளானுக்குப் போனேன்.

"இத எடுங்க பாஸ். ஒரு கையே போதும். தூக்குறதுக்குன்னு இனிமே தனியா ஆள் வேணாம் லா"ன்னாரு கடைக்காரர்.

எங்க கூட்டத்துல துப்பாக்கி லைசென்ஸ் எனக்கு மட்டும்தான். அதனால காப்பார் செம்பனைத் தோட்டத்துல பன்னி வேட்டைன்னா, அந்தப் பழைய கனமான கேமராவ எப்பவும் குமார்தான் தோள்ல தூக்கிட்டு வருவான்.

போன மாசம் தவறிட்டான்.

நேத்து எல்லா டேப்பையும் போட்டுப் பாத்தேன். நான் வரேன், நாய் வருது, பன்னி ஓடுது. குமாரோட முகம் எதுலயும் இல்ல. அவன் மூச்சு வாங்குறது மட்டும் கேக்குது.

கேமரா வாங்காமலே வந்துட்டேன்.

குமார் இருக்கிற படம் யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க. பன்னி படம் எங்கிட்ட நிறைய இருக்கு.