ரோஸியின் காந்தம்

மகள் அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினாள். அந்த வாசனை என்னை நான்காம் வகுப்பு ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்தியது.

மதியத்தில் டீச்சர் நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் தனியறையில் உட்காரவைத்து, அட்டையும் பசையும் கொடுத்துத் துறைமுக மாதிரி செய்யவிடுவார். நான் வெளியே நின்று வயிறெரிவேன். அந்த நால்வரில் ஒருத்தியான ரோஸியின் அட்டைக் கிரேன், குண்டூசி செருகிய தீப்பெட்டிகளைக் காந்தத்தால் தூக்கும். ஒருநாள் அந்தக் காந்தத்தைத் திருடிவிட்டேன்.

ரோஸி அழவில்லை. பெட்டிகளுக்கு நூல் கட்டி, ஊக்கைக் கொக்கியாக வளைத்துத் தூக்கிக் காட்டினாள்.

“ஏளா, இது அதைவிட நல்லாருக்கே!” என்று டீச்சர் கைதட்டினார்.

இப்போது மகளும் அப்படியொரு தனி வகுப்பில் இருக்கிறாள்; பசை அவள் செய்யும் அட்டைக் கிரேனுக்கு.

“அம்மா, கிரேனுக்குக் காந்தம் இருக்கா?”

அது இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது.

“இல்லளா,” என்றேன்.

மகள் ஊக்கு தேடப் போனாள்.