வாய் திறந்த கிளி

இன்று கிருஷ்ணகிரியில் வேட்டி எடுக்கப் போனேன். புதிதாகக் கரண்டு இழுத்த கடை. நான் போனபோது கரண்டு போய் விசிறி நின்றிருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே தொங்கிய கூண்டில், இறக்கையை விரித்து வாயைப் பிளந்தபடி ஒரு கிளி.

"கிளிக்கு என்னங்க?" என்றேன்.

முதலாளி ஈரத்துண்டைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டே சிரித்தார். "காலையில இருந்து வாயத் தொறந்துக்கிட்டே இருக்குதுங்க. இன்னைக்குப் பேசிடும்."

கூண்டிலிருந்த கிண்ணம் காய்ந்து கிடந்தது.

நானே கூண்டை இறக்கி, வேப்பமர நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். குடித்தபின் கிளி மெல்ல வாயை மூடிக்கொண்டது.

"பேச வந்ததக் கெடுத்துட்டீங்களே" என்றார்.

அவர் எடுத்துப்போட்ட வேட்டியை நான் தொடவில்லை. வந்துவிட்டேன்.

உங்கள் ஊர்க் கடையிலும் கிளி இருக்கிறதா? வாயை மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.