ஏலக்காய் மணக்கும் லேப்டாப்

போன வருஷம் இறந்துபோன என் வீட்டுக்காரரின் படங்கள் எல்லாம் பழைய லேப்டாப்பில்தான் இருக்கின்றன.

மழையில் அது ஓதம் பிடித்துத் திணறியது. எங்கள் ஊர் ஆனைக்கரையில் எது நனைந்தாலும் கொண்டுபோகும் இடத்துக்கே அதையும் கொண்டுபோனேன்: ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு. மறுநாள் ஆன் ஆகவே இல்லை.

இன்று குமுளி ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்து மோந்து பார்த்தார்.

"பச்சக்காய் கூட வச்சீங்களாக்கா?"

"மூணு மூட்டை கெடந்துச்சு."

"காயோட ஈரமெல்லாம் இதுக்குள்ள வந்திருச்சு."

துடைத்து, காயவைத்து, மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். திரையில் என் வீட்டுக்காரர் முகம் வந்தது.

"எல்லாத்தையும் ஸ்டோர்ல கொண்டுபோய் வைக்காதடி" என்று தினமும் திட்டியவர், படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஸ்டோரில் எதையெல்லாம் வைத்துக் கெடுத்தீர்கள்? சொல்லுங்கள். என்னைத் திட்டவும் செய்யலாம், அந்த வேலைக்கு இப்போது ஆளில்லை.