சைரனை நிறுத்தும் மெத்தட்

வேல்விழி பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலே காலண்டரத் திருப்பிப் பலன் பாப்பா. சுந்தரபாண்டியபுரத்துல நெல்லு வெவசாயம் பாக்குத குடும்பம். காலேஜ் முடிச்சதுல இருந்து தென்காசியில எங்க சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்கு பஸ்ஸுல வந்துட்டுப் போறா. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நான், இசக்கிச்செல்வி. அவ பயத்தக் கிண்டலடிக்கலன்னா எனக்குச் சோறு செமிக்காது. ஆனா அந்தச் சனிக்கிழமை எனக்கும் பயம் வந்துட்டு.

குற்றாலத்துக்கு மேல ஒரு தனியார் தோட்டத்து அருவி. மலையில தண்ணி கூடினா கரையில சைரன் கத்தும். அத நடத்துதது எங்க சர்வீஸ். பக்கத்து லாட்ஜுக்காரங்க ஆப்பு எங்க சர்வீஸோட பேசதுக்கு ஒரு கிளையன்ட் லைப்ரரி குடுப்போம். அந்த லைப்ரரிக்கான கோடை ஒரு டூலே தானா எழுதிரும். சர்வீஸ்ல உள்ள எந்த மெத்தட், அதாவது எந்தக் கட்டளை, லைப்ரரியில தெரியணும், எது தெரியக்கூடாதுன்னு அந்த டூலுக்குக் கான்பிக் ஃபைல்ல எழுதிச் சொல்லுதது வேல்விழி வேலை. தண்ணி மட்டம் பாக்குத மெத்தட் தெரியலாம். சைரன நிறுத்துத மெத்தட் ரிப்பேர் பாக்கதுக்கு, எங்களுக்கு மட்டும். அத மறைச்சு வச்சிருந்தா.

அன்னைக்கு நல்ல சாரல். அவ அம்மா முருகம்மாள் தெருப் பொம்பளையளோட வேன் பிடிச்சு அந்த அருவிக்குத்தான் போயிருந்தாங்க. ஆபீஸ்ல எங்க ஸ்கிரீன்ல தண்ணி மட்டம் விறுவிறுன்னு ஏறுது. சைரன் கத்துதுன்னு பச்சை வெளக்கு எரிஞ்சுது. தண்ணி எறங்கல, ஆனா கொஞ்ச நேரத்துல வெளக்கு அணைஞ்சு போச்சு.

"ஏட்டி, நீ எதையும் தொட்டியா?"ன்னா வேல்விழி. நான் எங்க தொட்டேன், டீ கிளாஸத்தான் தொட்டேன்.

யாரு என்ன செஞ்சாங்கன்னு பதிவாகுத லாகைத் தொறந்து பாத்தா, ஒரு லாட்ஜ் ஆப்புல இருந்து நிறுத்தச் சொல்லியிருக்கு. போன வாரம் சர்வீஸைப் புது வெர்ஷனுக்கு மாத்தினோம். அதோட மெத்தட்களோட முழுப்பேரும் மாறிட்டு. கான்பிக்ல மறைக்கச் சொன்ன வரி மட்டும் பழைய பேரையே சொல்லிக்கிட்டு கெடக்கு. அந்தப் பேருல இப்ப எதுவும் இல்லாததால, டூல் ஒரு வார்த்தை முணுமுணுக்காம அந்த மெத்தடையும் புது லைப்ரரியில சேத்துட்டு. சத்தம் தாங்கலன்னு ரூமுக்கு வந்தவங்க பொலம்பியிருப்பாங்க. லாட்ஜுக்காரன் அதுக்கு ஆப்புல ஒரு பட்டனையே வச்சிட்டான்.

வேல்விழி மூஞ்சில ரத்தமே இல்ல. கான்பிக்கைத் திருத்தப் போனா.

"அதத் திருத்தி இப்ப என்னட்டி செய்ய? அவன் கையில பட்டன் இருக்கத்தான செய்யும்"னேன்.

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. லைப்ரரியில மறைச்சாச்சு, இனி எவனும் தொட முடியாதுன்னு நெனச்சு, சர்வர்ல பூட்டே போடாம விட்டிருக்கா. கூட இருந்த எனக்கும் அந்த அறிவு வரல. அவசர அவசரமா அந்த மெத்தடை எங்க ஆளுகளத் தவிர யாரும் கூப்பிட முடியாதபடி சர்வர்ல அடைச்சா. சைரன மறுபடி போட்டா. பச்சை வந்துது.

அம்மாவுக்குப் போன் அடிச்சா. எடுக்கல. திரும்ப அடிச்சா. எடுக்கல.

"குளிக்கப் போறவங்க போன வேன்லதான வச்சிருப்பாங்க"ன்னேன். எனக்கே அது ஆறுதலா இல்ல. "முப்பிடாதி அம்மா, முப்பிடாதி அம்மா"ன்னு ஊர்ச் சாமியக் கூப்பிட்டுக்கிட்டே அவ மேசைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

கடைசியில அம்மாகிட்ட இருந்து போன் வந்துது. ஸ்பீக்கர்ல போட்டா.

"சைரன் சத்தம் கேட்டதும் மேல ஏறிட்டோம்ட்டி. அது நின்னதும், சரி, தண்ணி கொறைஞ்சுட்டுன்னு திரும்ப எறங்கினோம். மறுபடி கத்தவும் ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டு ஓடியாந்தோம். நாங்க நின்ன பாறை இப்ப கண்ணுக்கே தெரியல. நம்ம தெரு லோகநாயகி மதினிக்கு முட்டியில செராய்ப்பு, அம்புட்டுதான்." மூச்சு வாங்கிட்டுக் கேட்டாங்க: "சைரன் நின்னா எறங்கலாம்னுதானட்டி அர்த்தம்?"

வேல்விழி, "நின்னாலும் எறங்காதம்மா. அத நம்பாத"ன்னு சொல்லி அழுதா.