பொம்மைக்காரர் முடுக்காத போல்ட்டு

வாகனப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அரசுத் துறையின் மோதல் சோதனைக் கூடத்தில் அவரைப் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரில் மனிதருக்குப் பதிலாக உட்கார வைக்கும் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, கழுத்தைச் சரிசெய்து, பெல்ட் போட்டுவிடுவது அவர் வேலை. பார்த்தால் சாது. உள்ளுக்குள் ஒருவன்மேல் வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தார்.

அவன் லாரி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் அதிகாரி. அந்தக் கம்பெனியின் லாரி சாலையில் சட்டென்று நிற்க, பொம்மைக்காரரின் மனைவி ஓட்டிவந்த கார் அதன் பின்னால் அடியில் செருகிக்கொண்டது. கார் அடியில் நுழையாமல் தடுப்பதற்காக லாரியின் பின்னால் குறுக்கே பொருத்தியிருந்த பின்கம்பி காய்ந்த குச்சியாக முறிந்தது. அவள் பிழைக்கவில்லை. விசாரணையில் அதிகாரி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கம்பியில கோளாறு இல்லீங்க. அந்தம்மா முன்னாடியே பிரேக் போட்டிருக்கணும்."

செத்தவள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான், பாவி.

இப்போது துறை, லாரிகளுக்கு உறுதியான பின்கம்பி வேண்டும் என்று ஒரு வரைவை வெளியிட்டது. வரைவுக்கு யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். அதற்குத் துறை ஆதாரத்தோடு பதில் சொன்னால்தான் வரைவு விதியாகும். கம்பெனி முந்திக்கொண்டது. பழைய கம்பியே போதும், சந்தேகமிருந்தால் மோதிப் பாருங்கள் என்று எகத்தாளமாக எழுதியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சோதனையைப் பார்க்க அதே அதிகாரி வந்தான். விசாரணையில் எதிரே உட்கார்ந்திருந்த பொம்மைக்காரரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் அவருக்கு வயிறு இன்னும் எரிந்தது. சோதனை லாரியில் கம்பெனியின் பழைய கம்பியைப் பொருத்தியிருந்த போல்ட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒன்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கம்பி நிச்சயம் பிய்த்துக்கொண்டு போகும். கை துறுதுறுத்தது. ஆனால் தில்லுமுல்லு என்று ஒரு பேச்சு வந்தால் சோதனை செல்லாது, விதியும் குப்பைக்குப் போய்விடும். ஸ்பேனரை அவனிடமே நீட்டினார்.

"நீங்களே முடுக்கிடுங்க சார். நாளைக்கு எங்க மேல குத்தம் சொல்லக்கூடாது பாருங்க."

அவன் சிரித்துக்கொண்டே முடுக்கினான். பொம்மைக்காரர் தன் மனைவியின் உயரமுள்ள பொம்மையைத் தேடியெடுத்துக் காரில் உட்கார வைத்தார்.

கார் பாய்ந்து போய் மோதியது. சத்தம் அடங்கியபோது, அவன் முடுக்கிய போல்ட்டுகள் அசையாமல் இருந்தன. கம்பிதான் முறிந்து கிடந்தது. ஆட்சேபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. பொம்மைக்காரர் காரிலிருந்து பொம்மையை வெளியே எடுக்கக் குனிந்தார்.

"தலைப்பக்கம் ஒரு கை பிடிங்க சார்."

வெளிறிப்போன அதிகாரி பிடித்தான். பொம்மையின் நசுங்கிய முகம் அவன் சட்டையில் சாய்ந்தது. பொம்மைக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை.

"இந்தம்மாவும் முன்னாடியே பிரேக் போட்டிருக்கணும், இல்லீங்களா சார்?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.