பென்டிரைவில் அப்பாவின் குரல்

அறுவைச் சிகிச்சையில் அப்பாவின் குரல்வளையை எடுத்தபிறகு, அவர் பேசிய பேச்சு என்று எங்களிடம் மிஞ்சியது ஒரு பென்டிரைவ்தான். போன ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்காக அவர் வீட்டில் பேசிப் பதிவு செய்த அறிவிப்பு. பதிவு செய்த போன் செத்துவிட்டது. இந்த ஆடிக்கும் எங்கள் ஏம்பலத்துத் தெருக்களில் அதையே போட வேண்டும் என்று கோயில்காரர்கள் கேட்டதும், பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன்.

ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அதைப் போட்ட ஆட்டோக்காரர், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கியிருக்கிறார். "இன்னான்னு தெரில, அப்புறம் பாடவே மாட்டேங்குது" என்று சாவகாசமாகத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிய கையோடு லேப்டாப்பைத் திறந்தேன்.

அதில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். செருகினேன். பென்டிரைவின் விளக்கு மினுக்கியது. ஆனால் மவுன்ட் செய்ய முடியவில்லை, அதாவது உள்ளே இருப்பதைத் திறக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. சேதராப்பட்டு கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவளுக்குப் போன் போட்டேன்.

"ஃபார்மட் போடுடி, சரியாப்பூடும்."

"உள்ள இருக்கறது?"

"அது பூடும்."

மனுஷி பேசுகிற பேச்சா இது! வைத்துவிட்டேன்.

முதலில் பென்டிரைவை அப்படியே லேப்டாப்புக்கு நகலெடு, பழுதை நகலில் பார் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் எதிலிருந்து, எதற்கு என்பதைக் கட்டளையில் மாற்றி அடித்துவிட்டால் பென்டிரைவ் மேலேயே எழுதித் தொலைக்கும். அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். எதிரில் அப்பா கழுத்துத் துளையை மூடிய துணியைச் சரிசெய்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனால் போகிறது, விடு என்பதுபோல் கையை அசைத்தார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

எண்டரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நகல் வந்துவிட்டது. அதன்மேல் பழுது நீக்கும் கட்டளையை ஓடவிட்டேன். இது சிதைந்திருக்கிறது, அது சிதைந்திருக்கிறது என்று திரையில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் அப்பாவின் ஒரு வார்த்தை போகிறதென்றே நினைத்தேன். கடைசியில் நகல் மவுன்ட் ஆனது. உள்ளே ஒரே ஒரு கோப்பு. சத்தத்தைக் கூட்டிவைத்து அதைத் தட்டினேன்.

பதிவு ஓடுவது தெரியாமல் அப்பா முதலில் வேறு ஏதோ பேசியிருந்தார்.

"ஏமே, சுடுதண்ணி கொஞ்சம் எடுத்தா."

"தோ வரேன்யா!"

இது பதிவில் இல்லை; இப்போது பின்பக்கம் அடுப்பெரித்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல். சொம்போடு வந்து அப்பாவிடம் நீட்டிய பிறகுதான், கூப்பிட்டது லேப்டாப் என்று அவளுக்கு உறைத்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அப்பா வாங்கிக் குடித்தார்.