மாமா அரம் போட்ட கார்

மாமா எங்கள் வீட்டுப் படியை மிதித்து இரண்டு வருடமாகியிருந்தது. காரணம் என் காது. எனக்கு ஏழு வயதில் காது குத்தியபோது மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் அப்பாவின் பங்காளிகள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் படம் மட்டும் இல்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரன் விட்டுவிட்டான் என்றார் அப்பா. மாமா நம்பவில்லை. என்னை மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும் சாப்பிடாமலே வேடசந்தூர் பஸ் ஏறிவிட்டார். அங்கே ஒரு நூல் மில்லில் அவருக்கு ஃபிட்டர் வேலை.

அதன்பிறகு அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கறிக்குழம்பைக் கிண்டிக்கொண்டே தம்பியை நினைத்துக் கண்ணைத் துடைப்பாள். "அதுக்காக நான் கால்லயா விழணும்?" என்று கேட்டுவிட்டு, அம்மா பார்க்காத நேரம் அப்பாவும் வாசலைப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். அப்பாவைப் பார்க்காமல், "அக்கா, மெல்லிசா நாலு வாஷர் வேணும். எங்கயும் கிடைக்கல," என்றார். எங்கள் அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார்.

"வாஷரு கிடக்கட்டும், மொதல்ல உள்ள வாடா," என்று அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார், பாகம் பாகமாக. நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டும். அதில் முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை ஒன்று உண்டு. அதைத் தூக்கி விட்டால் தன் கனத்திலேயே இறங்க வேண்டுமாம். மாமா வாங்கியதில் அது தூக்கிய இடத்திலேயே நின்றது. மாமா அரம் போட்டார். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்து ஆட ஆரம்பித்தது. வாஷர் போட்டால் மறுபடி இறுகியது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் சொல்வதுபோல், "இம்புட்டு விலை குடுத்து வாங்கினவன் எதுக்கு அரம் போடணும்? எங் கடையில இப்படி ஒரு பார்ட்டக் குடுத்தா மூஞ்சில எறிஞ்சிருவான்," என்றார்.

மாமாவும் அம்மாவிடமே பதில் சொன்னார். "அப்படியே மாட்டினா அது கம்பெனிக்காரன் வண்டிக்கா. நாம தேய்ச்சு மாட்டினாத்தேன் நம்ம வண்டி."

மில் விடுதியில் வைக்க இடமில்லை என்று காரை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது வாரம் அப்பா கடையிலிருந்து ஒரு டப்பா நிறைய வாஷர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான்காவது வாரம் "மாப்ள", "மச்சான்" என்று நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். வந்ததும் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்து "என்னக்கா வெஞ்சனம்?" என்று கேட்கும் மாமாவின் குரலுக்கு அம்மாவின் முகம் அப்படி மலரும்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கார் ஓட வேண்டும், ரிமோட் என் கையில் இருக்க வேண்டும். ஆகவே நான் அப்பா கட்சி. ஏழாவது ஞாயிறும் அரத்திலேயே போனபோது, பெட்டியில் போட்டிருந்த முகவரிக்கு அம்மாவின் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினேன். நான்காம் வகுப்பு ஆங்கிலம். "ஐயா, உங்கள் கை சரியில்லை. என் மாமா ஏழு ஞாயிறாகத் தேய்க்கிறார். அவர் பாவம்." கீழே வீட்டு விலாசத்தையும் எழுதினேன்.

பத்து நாளில் கூரியர் வந்துவிட்டது. உள்ளே புதுக் கைகளும் ஒரு மன்னிப்புக் கடிதமும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் பெருமையாக நீட்டினேன். மாட்டினார். தூக்கி விட்டார். கை மெல்ல இறங்கியது. மொத்தம் கால் மணி நேர வேலை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கார் பறந்தது.

"பாத்தியா மாப்ள, பார்ட்டுன்னா இப்படி இருக்கணும்," என்றார் அப்பா. ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

"அம்புட்டுத்தான் போல," என்று மாமா அரத்தைத் துணியில் சுற்றினார். ரிமோட்டை என் கையில் கொடுத்து, "இனிமே இது பாப்பா வண்டி," என்றார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் செய்தால் ஷிப்டு என்றார். அம்மா பழக்கதோஷத்தில் கூடுதலாக வைத்த குழம்பைத் திங்கட்கிழமையும் சாப்பிட்டோம். நான் பாட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். பையிலிருந்து புது அரம் ஒன்றை எடுத்தார். என் காரின் கையைக் கழற்றி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார்.

"அப்பா, அது நல்லாத்தானே இருக்கு!" என்று கத்தினேன்.

"செத்த சும்மா இரு பாப்பா."

திரும்ப மாட்டியபோது சக்கரம் விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. அப்பா திருப்தியாக அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "மாப்ள, இந்தக் கை ஆடுதுப்பா. எனக்குப் பிடிபடல. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்து பாரேன்."

மாமா வந்தார். கையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா வாஷர் டப்பாவுக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆமா மச்சான்," என்றார் மாமா. "கம்பெனிக்காரன் இதையும் சரியாச் செய்யல. நாலஞ்சு வாரம் இழுக்கும் போல."

"இழுக்கட்டும் மாப்ள. என்ன அவசரம்?"

ஒரு பாவமும் அறியாத கம்பெனியை இப்படிச் சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வேற கை கேட்டு நான் மெயில் அனுப்பட்டா?" என்றேன். "வேணாம்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அடுப்படியில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்பாவுக்கு அரம் பிடிக்கத் தெரியாது, மாமாவுக்குக் கண் சரியில்லை, இந்த இரண்டு பேரிடமிருந்தும் என் காரை எப்படிக் காப்பாற்றப்போகிறேனோ என்ற கவலையோடு நான் சாப்பிட உட்கார்ந்தேன்.